ரூசோவைப் படித்துவிட்டா பாஸ்டில்லை உடைத்தார்கள்?

#1 பழையபேட்டை, ஞாயிறு இரவு 9.40

மகள் ஒன்பதாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை சமூக அறிவியல் தேர்வு. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுப் புரட்சியில் தத்துவ ஞானிகளின் பங்கு என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். வால்டேர் திருச்சபையைக் கண்டித்தார், மாண்டெஸ்கியூ அதிகாரப் பிரிவினையைச் சொன்னார், ரூசோ மக்களுக்கே இறையாண்மை என்றார், மக்கள் விழிப்படைந்தனர், புரட்சி வெடித்தது, ஜனநாயகம் மலர்ந்தது. ஒப்பித்து முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "அப்பா, அந்த ஊரில் அப்போது எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சமாளித்து அனுப்பிவிட்டேன், ஆனால் அதிலிருந்து வேறொன்று மண்டையைக் குடைகிறது. இந்த மூன்று பேரில் யாராவது ஜனநாயகம் வேண்டும் என்று கேட்டார்களா? வால்டேர் பிரஷ்ய அரசர் பிரெடரிக்கோடும் ரஷ்யாவின் கேத்தரினோடும் கடிதம் எழுதிக் கொண்டாடியவர், நல்ல ராஜா கிடைத்தால் போதும் என்ற கட்சி. மாண்டெஸ்கியூ பிரபு வீட்டுப் பிள்ளை, பிரபுக்களுக்குத் தனி அவை வேண்டும் என்று கருதியவர். ரூசோவோ, ஜனநாயகம் தேவர்களுக்குத்தான் ஒத்துவரும், மனிதர்களுக்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயர்கள் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், தேர்தல் நாளன்று மட்டும்தான் அப்படி, மறுநாளே அடிமைகள் என்று பிரதிநிதித்துவ ஆட்சியையே கிண்டல் செய்தவரும் அவர்தான். அப்புறம் எப்படி நாம் இன்று ஓட்டுப் போடும் இந்த முறைக்கு இவர்கள் அப்பாக்கள் ஆனார்கள்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள், குடவோலையை இங்கே இழுக்காதீர்கள். அதற்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் தாண்டிவிட்டது.


#2 காகிதப்புலி, ஞாயிறு இரவு 10.25

நல்ல கேள்வி அண்ணே. ஆனால் "அவர்கள் ஜனநாயகம் கேட்கவில்லை, ஆகவே அவர்களுக்குப் பங்கு இல்லை" என்று போனால் வழி தவறிவிடும். அந்தக் காலத்தில் ஜனநாயகம் என்பது கிட்டத்தட்ட வசவுச் சொல். அமெரிக்க அரசியல் சாசனத்தைத் தேடிப் பாருங்கள், அந்தச் சொல்லே கிடையாது. சுதந்திரப் பிரகடனத்திலும் இல்லை. அதை வரைந்த மேடிசன் போன்றவர்கள் தாங்கள் கட்டுவது குடியரசு, ஜனநாயகம் அல்ல என்று வேலை மெனக்கெட்டு விளக்கினார்கள்.

சொல்லை விட்டுவிட்டு உறுப்புகளைப் பாருங்கள். அரசனுக்கு அதிகாரம் கடவுள் கொடுத்தது அல்ல, ஆளப்படுபவர்களின் சம்மதம் கொடுத்தது, அது நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டது, மோசம் செய்தால் பறிக்கலாம். இது ஜான் லாக், ஆங்கிலேயத் தத்துவ ஞானி. அந்தப் புத்தகம் 1689-ல் பெயர் போடாமல் வந்தது. தான்தான் எழுதினேன் என்று உயிரோடு இருக்கும் வரை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை, உயிலில்தான் சொன்னார். அவ்வளவு பயம்! கழுத்துக்கு ஆபத்து வரும் கருத்து என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

மாண்டெஸ்கியூவின் பெரிய புத்தகம் 1748. 1787-ல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதினார்கள் அல்லவா, அதை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே ஆளைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டார்கள். மேடிசனே அவரை இந்த விஷயத்தில் எல்லோரும் குறி கேட்கும் தெய்வவாக்கு என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், மாண்டெஸ்கியூ இங்கிலாந்தைப் பார்த்துத்தான் மூன்று அதிகாரங்களும் தனித்தனியாக இருக்கின்றன என்றார். உண்மையில் அங்கே அமைச்சர்கள் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்து இரண்டையும் கலந்துகொண்டிருந்தார்கள். தப்பாகப் படித்த இங்கிலாந்திலிருந்து சரியான ஒரு அமெரிக்கா வந்தது. சரி, ஓரளவு சரியான.

பிரான்சுக்கு வாருங்கள். 1789 ஆகஸ்ட் 26, மனித உரிமைப் பிரகடனம், 17 பிரிவுகள். ஆறாவது பிரிவு: சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு. இது ரூசோவின் குரல். பதினாறாவது: உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமூகத்துக்கு அரசியல் சாசனமே இல்லை. இது மாண்டெஸ்கியூ. செத்துப் போன இரண்டு பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கும். பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?


#3 உப்புமூட்டை, ஞாயிறு இரவு 11.50

காகிதப்புலி எழுதியது: "செத்துப் போன இரண்டு பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எழுதிய மாதிரி"

மண்டபத்துக்குள் சரி. மண்டபத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்த்தீர்களா? 1788 ஜூலையில் பெரிய ஆலங்கட்டி மழை, அறுவடை போச்சு, அப்புறம் கொடுங்குளிர். பாரிஸில் சாதாரணமாக 8, 9 சூவுக்கு (சூ என்பது அன்றைய பிரெஞ்சுச் சில்லறைக் காசு) விற்ற நாலு பவுண்டு ரொட்டி 1789 தொடக்கத்தில் 14½ சூ. கூலிக்காரனுக்கு ஒரு நாள் வருமானம் 20 முதல் 30 சூ. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், நாலு வாய் இருக்கிற வீட்டில் ரொட்டிக்கே பாதிக் கூலிக்கு மேல் போய்விட்டது, வாடகை, விறகு, துணி எல்லாம் அப்புறம். பாஸ்டில் சிறைக்கோட்டைக்குப் போனவர்கள் வெடிமருந்து தேடித்தான் போனார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். ரூசோவைக் கேட்டுக்கொண்டு யாரும் போகவில்லை.

உங்கள் மகள் கேட்ட கேள்வியை இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். மொர்னே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு வேலை செய்தார். புரட்சிக்கு முந்தைய காலத்துத் தனியார் நூலகப் பட்டியல்கள் 500 எடுத்து, யார் வீட்டில் என்ன புத்தகம் இருந்தது என்று எண்ணினார். ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' எத்தனை கிடைத்தது தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு பிரதி!

அப்புறம் அந்தக் குறை மனுக்கள். 1789-ல் அரசர் சபை கூட்டுவதற்கு முன் ஊர் ஊராக உங்கள் குறைகளை எழுதி அனுப்புங்கள் என்றார்கள். பல்லாயிரக்கணக்கில் வந்தன. கிராமத்து மனுக்களில் இறையாண்மையும் கிடையாது, பொது விருப்பமும் கிடையாது. உப்பு வரி இருக்கும். பல மாகாணங்களில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு தலைக்கும் வருடத்துக்கு இவ்வளவு உப்பு என்று அரசாங்கக் கிடங்கில் கட்டாயம் வாங்கியாக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. முயல் இருக்கும். புறா இருக்கும்.

புறா என்றால் நிஜப் புறாதான். புறாக்கூடு வைத்துக்கொள்ளும் உரிமை பிரபுவுக்கு மட்டும். அவர் வீட்டுப் புறா கூட்டமாக வந்து குடியானவன் விதைத்த விதையைப் பொறுக்கித் தின்னும். அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கல்லெறிந்தால் கேஸ். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தார்களே, அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது பிரிவே புறாதான். ஊர் குறிக்கிற காலத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், வெளியே வந்தால் தன் நிலத்தில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மூன்றாவது பிரிவு வேட்டை. மனித உரிமைப் பிரகடனத்துக்கு மூன்று வாரம் முந்தியது புறா.

ஜனநாயகத்தை நடத்தி வைத்தது வயிறு. தத்துவம் பிறகு வந்து பத்திரிகை அடித்தது.


#4 நைட்ஷிஃப்ட், திங்கள் அதிகாலை 2.15

இந்த ஞானிகளின் காலத்தை அறிவொளிக் காலம் என்பார்களே, அறிவொளி என்றதும் எனக்கு எங்கள் அம்மாதான் ஞாபகம் வருகிறார். புதுக்கோட்டைப் பக்கம், 90-களின் தொடக்கம், அறிவொளி இயக்கத்தில் ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்து எழுத்துக் கற்றுக்கொண்டார், அதே கையோடு சைக்கிளும். ஏழு பேர் இருந்த கோட்டையை விட அந்த சைக்கிள் பெரிய புரட்சி என்பது என் தாழ்மையான கருத்து. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள். ஷிஃப்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம்.


#5 காகிதப்புலி, திங்கள் காலை 8.05

உப்புமூட்டை, புறாவுக்கு ஒரு சலாம். அந்த ஒற்றைப் பிரதிக் கணக்கை மட்டும் அப்படியே விழுங்க முடியாது. பட்டியல் போட்டு விற்கிற அளவுக்கு நூலகம் வைத்திருந்தவன் யார்? பிரபு, வக்கீல், பாதிரி. தடை செய்யப்பட்ட புத்தகம் பட்டியலில் ஏறுமா? அதோடு அந்தப் புத்தகத்தின் சுருக்கத்தை ரூசோவே தன் 'எமில்' நூலின் ஐந்தாம் பாகத்தில் வைத்திருக்கிறார். அவருடைய காதல் நாவலோ அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 70 பதிப்புக்கு மேல். பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு சாமானியன் பிரபு வீட்டுப் பெண்ணுக்கு இணையான மனசுள்ளவன் என்று அழுதுகொண்டே படித்த தலைமுறை அது. கருத்து போகிற பாதை எப்போதும் தலைப்பில் எழுதியிருக்காது.

இன்னொன்று சொல்கிறேன். 1761, துலூஸ் நகரம். ழான் கலாஸ் என்று ஒரு துணி வியாபாரி, வயது அறுபதுக்கு மேல், புராட்டஸ்டண்ட். மூத்த மகன் ஒரு நாள் ராத்திரி கடையில் பிணமாகக் கிடக்கிறான். மகன் கத்தோலிக்கனாக மாறப் போகிறான் என்று தெரிந்து அப்பாவே கொன்றுவிட்டார் என்று ஊரில் புரளி. சாட்சி கிடையாது. நீதிபதிகள் எட்டுக்கு ஐந்து என்று தீர்ப்பு. 1762 மார்ச்சில் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். கடைசி வரை நான் செய்யவில்லை என்றே சொன்னார் கிழவர். வால்டேர் அப்போது எல்லையோரம் ஃபெர்னேயில் சௌகரியமாக இருக்கிறார். முதலில் நம்பவில்லை, அப்புறம் விசாரிக்கிறார், அப்புறம் மூன்று வருடம் விடவே இல்லை. கடிதம், துண்டுப் பிரசுரம், பணம், வக்கீல், விதவையைப் பாரிசுக்கு அனுப்பி வைத்தது. 1764-ல் தீர்ப்பு ரத்து, 1765 மார்ச்சில் கலாஸ் நிரபராதி என்று அறிவிப்பு.

இதில் ஓட்டு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆனால் நீதிமன்றம் சொன்னதை வெளியில் இருக்கிற ஜனங்கள் விசாரிக்கலாம், தப்பு என்று சொல்லலாம், திருத்த வைக்கலாம் என்ற பழக்கம் அங்கே உருவானது. பொதுக் கருத்து என்று ஒன்று. அது இல்லாமல் ஓட்டுப் பெட்டி வெறும் பெட்டி.

அரசாங்கத்துக்குள்ளேயே இந்தக் காற்று எப்படி நுழைந்தது பாருங்கள். திதரோ கலைக்களஞ்சியம் போட்டுக்கொண்டிருந்தபோது 1752-ல் கையெழுத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவு. புத்தகத் தணிக்கைக்குத் தலைமை அதிகாரி மால்ஷெர்ப். அவரே திதரோவுக்கு ஆள் அனுப்பி, நாளைக்கு சோதனை, பிரதிகளை ஒளித்து வையுங்கள் என்கிறார். இவ்வளவையும் எங்கே வைப்பது என்று திதரோ கேட்க, என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்றாராம். இதே மால்ஷெர்ப் பிற்பாடு லூயி மன்னருக்காக வாதாடி 1794-ல் கில்லட்டினில் தலையைக் கொடுத்தார்.


#6 செங்காந்தள், திங்கள் காலை 11.30

இரண்டு நாளாக ரொட்டியா புத்தகமா என்று மல்லுக்கட்டுகிறீர்கள். எனக்கு இரண்டுமே பாதிக் கதை. நான் கேட்பது, அந்த அழகான வாக்கியங்களை எழுதிவிட்டு மறுநாள் என்ன செய்தார்கள்?

"மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமைகளில் சமமாகவும் பிறக்கிறார்கள்." 1789 ஆகஸ்டில் இதை எழுதியாயிற்று. வருடம் முடிவதற்குள் அதே சபை குடிமக்களை இரண்டாகப் பிரித்தது. மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டும் ஆண், 25 வயதுக்கு மேல், அவன் செயல்படும் குடிமகன், ஓட்டு உண்டு. மற்றவர்கள் செயலற்ற குடிமக்கள். கூலி, வேலையாள், எல்லாப் பெண்களும். இந்தப் பிரிவினையை யோசித்துக் கொடுத்தவர் யார்? மூன்றாம் வகுப்பினரே, அதாவது பாதிரியும் பிரபுவும் அல்லாத மற்ற எல்லோருமே தேசம் என்று 1789 ஜனவரியில் தீப்பொறி பறக்க எழுதிய அதே சியேஸ்தான்! உறுப்பினராக நிற்க வேண்டும் என்றால் இன்னும் மேலே: ஒரு மார்க் வெள்ளி, அதாவது சுமார் 50 லீவ்ர் வரி கட்டியிருக்க வேண்டும், நிலமும் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். கமில் தெமூலான் என்ற பத்திரிகைக்காரர், முப்பது வயது ஆகவில்லை, திக்குவாய். அவர் தன் பத்திரிகையில் கேட்டார்: இந்தச் சட்டத்தின்படி ரூசோவே தேர்தலில் நிற்க முடியாதே? சபையில் இருந்த பாதிரிமார்களைப் பார்த்து, உங்கள் கடவுளான ஏசுவும் இந்தச் சட்டத்தில் தகுதி பெற மாட்டார், அவரையும் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிவிட்டீர்கள் என்றார். ரோபெஸ்பியரும் இதே பிரகடனத்தைத் தூக்கிக் காட்டித்தான் வெள்ளி மார்க்குக்கு எதிராகப் பேசினார். நீங்கள் எழுதியதை நீங்களே படியுங்கள் என்று. அடுத்த மூன்று வருடம் நடந்த சண்டை பாதிக்கு மேல் இதுதான். 1792 ஆகஸ்டில் அரண்மனையைத் தாக்கிய பிறகுதான் அந்த இரண்டு தரப் பிரிவினை ஒழிந்தது, அப்போதும் வீட்டு வேலையாட்களுக்கு ஓட்டு இல்லை.

பெண்கள்? கோந்தொர்சே ஒருவர்தான் அந்தப் பெரிய மனிதர்களில் நேராகக் கேட்டவர். 1790 ஜூலையில் ஒரு கட்டுரை. கர்ப்பம், மாதாந்திர உபாதை எல்லாம் இருக்கிறதே, பெண்களுக்கு எப்படி உரிமை கொடுப்பது என்பவர்களுக்கு அவர் பதில்: குளிர்காலம் தோறும் கீல்வாதம் வந்து படுக்கிற ஆண்களின் உரிமையை யாரும் பறிக்கவில்லையே, அடிக்கடி சளி பிடிக்கிறவனுக்கும் உரிமை இருக்கிறதே. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

ஒலாம்ப் தெ கூஜ் 1791-ல் அந்த 17 பிரிவுகளையும் வரிசையாக எடுத்து, ஆண் என்று இருந்த இடத்திலெல்லாம் பெண்ணைச் சேர்த்துத் திருப்பி எழுதினார். தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றால் பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும் என்பது அதில்தான். அந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அவர் எதற்காகச் செத்தார் என்று சொல்ல மாட்டார்கள். மூன்று ஓட்டுப் பெட்டிகள் என்ற தலைப்பில் ஒரு சுவரொட்டி அச்சடித்தார். குடியரசா, கூட்டாட்சியா, முடியாட்சியா, மக்களே ஓட்டுப் போட்டுச் சொல்லட்டும் என்று. அதற்குத்தான் 1793 நவம்பர் 3 அன்று கில்லட்டின். பொது விருப்பம் பொது விருப்பம் என்று மேடை தோறும் முழங்கிய அரசாங்கம், பொது விருப்பத்தைக் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவரைக் கொன்றது.


#7 வடலி, திங்கள் பிற்பகல் 1.10

செங்காந்தள் அக்கா சொன்னதோடு ஒரு சின்னக் கணக்கு. பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை ஆணை வந்தது 1944-ல், முதல்முறை ஓட்டுப் போட்டது 1945-ல். எங்கட இலங்கையில் டொனமூர் யாப்பின்படி 1931-லேயே ஆண் பெண் எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. பிரகடனம் எழுதின நாட்டுக்குப் பதின்மூன்று வருடம் முன்னாலே.

அதிலும் பாருங்கோ, எங்கட படித்த பெரியவர்களில் கனபேர் அதைக் கேட்கவே இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தே நின்றவர். பாமரர் கையில் ஓட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற அதே பயம்தான், வால்டேருக்கு இருந்த பயம். கேட்டது தொழிற்சங்கக்காரரும் பெண்கள் வாக்குரிமைச் சங்கமும். யாழ்ப்பாணத்தில் இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்தது வேற கதை, சுயராச்சியம் இல்லாத ஓட்டு எதுக்கு என்று.

கிடைத்தது நிலைக்கும் என்றும் இல்லை. 1948, 49 சட்டங்களால் மலையகத் தமிழருக்குக் குடியுரிமையும் போய் ஓட்டும் போனது. "செயலற்ற குடிமக்கள்" என்று வாசிச்ச உடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அவையளுக்குக் குடிமக்கள் என்ற பேர்கூட மிச்சம் வைக்கவில்லை.


#8 கடற்கரைச்சாலை, திங்கள் மாலை 4.45

புதுவையிலிருந்து எழுதுகிறேன். பிரகடனத்தைப் புத்தகத்தில் படித்தவர்கள் நீங்கள், எங்கள் ஊரில் அது செருப்பில் வந்தது.

1873. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்று ஒரு வழக்கறிஞர். ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் ஷூவோடு உள்ளே வரக் கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பதுதான் வழக்கம் என்றார்கள். அவர் கழற்றவில்லை. பிரெஞ்சுக்காரன் ஷூவோடு நிற்கிற இடத்தில் நான் ஏன் வெறுங்காலில் நிற்க வேண்டும்? வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், ஜெயித்தார். எத்தனை வருஷம் அந்தப் பதினேழு பிரிவுகள் கப்பலேறி வந்தும் மூட்டை பிரிக்காமலே கிடந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1881-ல் ஒரு ஆணை வந்தது, சொந்தச் சமயச் சாதிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று. முதல் வரிசையில் போய் நின்றவர் அவர்தான். லாபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார், பிரெஞ்சில் கதவு என்று அர்த்தம். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டிருந்த பலருக்கும் அது கதவாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனால் துறந்தவர்களையும் முழுப் பிரெஞ்சுக்காரராக ஏற்றார்களா? 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாக்கினார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று, துறந்தவர்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. எண்ணிக்கையில் கைப்பிடி அளவு இருந்த ஐரோப்பியருக்கும் தனிப் பட்டியல். சமத்துவம் தாராளமாக இருந்தது, மூன்று பொட்டலமாக.

இன்னொரு வேடிக்கை, எல்லா ஆண்களுக்கும் ஓட்டு என்றதும் அதை அள்ளிக்கொண்டது யார்? மேல்சாதிக் கட்சி. சண்முக வேலாயுத முதலியார் பல வருடம் தேர்தல்களைக் கையில் வைத்திருந்தார், பழைய வழக்கத்தைக் காப்பேன் என்று சொல்லியே. எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தால் எல்லோரும் முற்போக்காகப் போடுவார்கள் என்று எந்த ஞானி சொன்னார்?


#9 உப்புமூட்டை, திங்கள் மாலை 5.30

கடற்கரைச்சாலை, பிரான்சிலேயே அதுதான் நடந்தது. 1848-ல் வாக்காளர் எண்ணிக்கை சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து ஒரே தாண்டலில் 90 லட்சத்துக்கு மேல். ஏப்ரலில் ஓட்டுப் போட்டு, பெரும்பாலும் மிதவாதிகளையும் பழமைவாதிகளையும் அனுப்பினார்கள். டிசம்பரில் ஜனாதிபதி தேர்தல், நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனுக்குக் கிட்டத்தட்ட முக்கால்வாசி ஓட்டு. மூன்று வருடத்தில் ஆட்சியைக் கவிழ்த்து, நாலாவது வருடம் பேரரசர் ஆகிவிட்டார்.

நான் சொன்ன வயிற்றுக் கதைக்கு இது எதிராகப் போகிறது என்று எனக்கே தெரிகிறது. சொல்லிவிட வேண்டும் அல்லவா.


#10 ஆற்றுமணல், திங்கள் இரவு 8.20

இவ்வளவு தூரம் வந்தும் சான் தொமிங்கோ பெயரை யாரும் எடுக்கவில்லை. இன்றைய ஹைட்டி, அன்று பிரான்சின் காலனி. அன்றைக்கு உலகத்துச் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்துதான். சுமார் ஐந்து லட்சம் அடிமைகள்.

லாக் என்று முதல் பதிவிலேயே பெருமையாக வந்ததே காகிதப்புலி, ஆளப்படுபவரின் சம்மதம் பற்றி எழுதிய அவர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை ஏற்றிய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர். 1669-ல் கரோலினா குடியேற்றத்துக்கான சாசனம் தயாரானபோது செயலாளராகக் கூட இருந்தவர், அந்தச் சாசனத்தில் நீக்ரோ அடிமைகள் மீது எஜமானனுக்கு முழு அதிகாரம் என்று இருக்கிறது. பாரிஸிலும் அதேதான். 17-வது பிரிவு சொத்து புனிதமானது, மீறக் கூடாது என்கிறது. தோட்டக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் அடிமைகள் எங்கள் சொத்து.

1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. அவர்கள் எழுந்ததற்குப் பிறகுதான், இரண்டரை வருடம் போரில் அடிபட்டதற்குப் பிறகுதான், 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் சபை அடிமை முறையை ஒழித்தது. அன்று சபையில் இருந்தவர்களில் ழான் பாப்திஸ்த் பெல்லே ஒருவர், மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கி, சான் தொமிங்கோவின் பிரதிநிதியாக வந்தவர். அப்படி ஒரு காட்சியை இந்தத் தத்துவ ஞானிகளில் யார் கனவு கண்டார்கள்? 1802-ல் நெப்போலியன் அடிமை முறையைத் திருப்பிக் கொண்டுவந்தார், ஹைட்டியர்கள் அவருடைய படையையே தோற்கடித்து 1804 ஜனவரி 1 அன்று தனிநாடு என்றார்கள். அதற்குத் தண்டனை, 1825-ல் பிரான்சுக்கு 15 கோடி ஃபிராங்க் நஷ்டஈடு கட்டச் சொன்னது. அடிமையாக இருந்தவன் எஜமானுக்கு நஷ்டஈடு!

எனவே என்னைப் பொறுத்தவரை ஐரோப்பிய அறிவொளி என்ற விளம்பரப் பலகையையே கழற்றி வைத்துவிடலாம்.


#11 செங்காந்தள், திங்கள் இரவு 9.05

ஆற்றுமணல், கோபம் நியாயம், முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. பலகையைக் கழற்றினால் பெல்லே எதைக் காட்டிச் சபையில் பேசியிருப்பார்? தெ கூஜ் எதைத் திருப்பி எழுதியிருப்பார்? பொன்னுத்தம்பி எந்தச் சட்டத்தை வைத்துப் பாரிஸ் வரை போயிருப்பார்? எழுதினவன் "மனிதர்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டான், மனசுக்குள் தன் மாதிரி ஆளைத்தான் நினைத்திருந்தான். அந்தச் சொல்லில் அவன் பெயர் இல்லை, வரம்பு இல்லை. வெளியே நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பிரபு, பாதிரி என்று பெயர் போட்டு எழுதியிருந்தால் பிடிக்க ஒரு கொக்கியும் இருந்திருக்காது.

அம்பேத்கர் 1954-ல் வானொலியில் பேசும்போது, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் மூன்றையும் நான் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, என் குரு புத்தரிடமிருந்து பெற்றேன் என்றார். மூலத்தை மறுத்தார், சொற்களை விடவில்லை, பாருங்கள். அரசியல் சாசன முகப்பிலும் அவை இருக்கின்றன.


#12 ஆற்றுமணல், திங்கள் இரவு 9.20

கொக்கி சரி. கொக்கியைத் தொங்கவிட்டவனுக்கு மாலை எதற்கு என்பதுதான் என் கேள்வி. அது அப்படியே இருக்கட்டும், இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.


#13 பழையபேட்டை, திங்கள் இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. அலுவலகத்தில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை, ஒன்று தேடிப் பிடித்தேன். 1647 அக்டோபர், லண்டனுக்குப் பக்கத்தில் பட்னி என்ற ஊர், மாதா கோயில். அரசரைத் தோற்கடித்த படையின் சிப்பாய்களும் தளபதிகளும் உட்கார்ந்து, இனி நாட்டில் யாருக்கு ஓட்டு என்று வாதம் செய்கிறார்கள். ரெயின்ஸ்பரோ என்ற கர்னல் சொல்கிறார், இங்கிலாந்தில் ஆகப் பெரிய மனிதனைப் போலவே ஆகப் பரம ஏழைக்கும் வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் சம்மதம் இல்லாத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட வேண்டியதில்லை. கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் எழுந்து, நிலம் நீச்சு இல்லாதவனுக்கு நாட்டின் மேல் என்ன பிடிப்பு, அவனுக்கு ஓட்டுக் கொடுத்தால் நாளைக்கு நம் சொத்துக்கும் ஓட்டெடுப்பு வைப்பான் என்கிறார். நம் வெள்ளி மார்க் சண்டை அப்படியே, நூற்று நாற்பது வருடம் முன்னால். அப்போது லாக்குக்கு 15 வயது.

இதைக் கேட்டால் சிப்பாய்கள்தான் முதலில், தத்துவம் அப்புறம் என்று தோன்றும். ஆனால் அந்த வாதத்தைக் குறிப்பெடுத்தவரின் தாள்கள் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியில் யாரும் தொடாமல் கிடந்து, 1890 வாக்கில்தான் வெளியே வந்தன. லாக்கும் ரூசோவும் தெமூலானும் அந்தப் பேச்சில் ஒரு வரியைக் கூடப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எழுதி அச்சில் ஏறியது ஊர் ஊராகப் போனது, கோயிலுக்குள் பேசியது பெட்டிக்குள் போனது. காகிதப்புலிக்கு இதில் பாதி வெற்றி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியை உப்புமூட்டையும் செங்காந்தளும் பிரித்துக்கொள்ளுங்கள்.

மகளிடம் நேற்றும் இன்றும் இதையெல்லாம் சொன்னேன். அயர்ட்டனையும் சியேஸையும் கேட்டுக்கொண்டே தூங்கி வழிந்தாள். புறாவுக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போது அவள் கேள்வி: நாளைக்குத் தேர்வில் புறாவை எழுதினால் மார்க் வருமா?


#14 நைட்ஷிஃப்ட், செவ்வாய் அதிகாலை 1.30

எழுதட்டும் அண்ணே. திருத்துகிறவருக்கும் தூக்கம் கலையும்.


#15 சாக்பீஸ்தூள், செவ்வாய் காலை 6.15

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகவே உள்ளே வருகிறேன். நான் பத்தொன்பது வருடமாக இந்தப் பாடத்தின் விடைத்தாள் திருத்துகிறவன். விடைக்குறிப்பில் மூன்று தத்துவ ஞானிகள் இருப்பார்கள், புறா இருக்காது. முதலில் மூன்று பேரையும் அடிக்கோடிட்டு எழுதச் சொல்லுங்கள், அங்கேயே மூன்று மார்க். அதற்குக் கீழே ஒரு வரி விட்டுப் புறாவை எழுதட்டும். தப்பு என்று அடிக்க எனக்குக் கை வராது.